ஆய்வுகூடத்தின் இரண்டாவது பூட்டு

எங்கள் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்துக்கு இரண்டு பூட்டுகள் இருந்தன. நெடுநாள் நான் அதைக் கவனித்ததே இல்லை. ஒருவர் கேட்ட பிறகுதான் கவனித்தேன். அதன் பிறகு அந்தக் கதவைக் கடந்து போகும்போதெல்லாம் கண் அங்கேதான் போனது.

பள்ளிக்கூடம் கொட்டாஞ்சேனையில், கொள்கலன் லொறிகள் திரும்புகிற பெரிய தெருவை ஒட்டிய ஒழுங்கைக்குள் இருந்தது. கொழும்புக்குள் இருக்கிறதென்ற பெயர்தானே தவிர, அது ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம் மாதிரித்தான். யாருடைய பிள்ளை எந்த வகுப்பு, எந்தப் பிள்ளையின் தகப்பன் வெளிநாடு என்று வாசலில் கடலை விற்பவருக்கும் தெரியும். மிஷன்காரர் தொடங்கியது, பிறகு அரசாங்கம் எடுத்தது. கலவரக் காலத்தில் குடும்பங்கள் வகுப்பறைகளில் வந்து தங்கியிருந்தன. அப்போது சமைத்த புகை மண்டபத்துச் சுவரில் இன்னும் இருக்கிறதென்று மூத்த ஆசிரியைகள் காட்டுவார்கள். சுவருக்கு வெள்ளை அடித்த பிறகும் அதே இடத்தைக் காட்டினார்கள். அதற்குப் பிந்திய வருஷங்களில் இராணுவம் வாசலில் நின்று பிள்ளைகளின் பைகளைக் கொட்டிப் பார்த்ததையும் சொல்வார்கள். நாங்கள் அதைக் கதை கேட்பது போலத்தான் கேட்டோம்.

சாதாரண தரப் பரீட்சையில் நன்றாகச் செய்த பிள்ளைகள் பெரிய பள்ளிக்கூடங்களுக்குப் போய்விடுவார்கள். இடம் கிடைக்காதவர்களும் வீட்டில் வேண்டாம் என்றவர்களும் எங்களிடம் மிஞ்சுவார்கள். அதனால் உயர்தர வகுப்புகளில் கலைப்பிரிவும் வர்த்தகமும் மட்டுமே இருந்தன. மேல்மாடியில் ஓர் ஆய்வுகூடம் இருந்தது. உடைந்த கதிரைகளைப் போட்டு வைக்கிற அறையாக அது பல வருஷம் கிடந்தது.

பிறகு இரசாயனவியல் சேர் வந்தார். மெலிந்த மனிதர், நாற்பது வயது மதிக்கலாம், மாளிகாவத்தைப் பக்கத்து முஸ்லிம். வந்த வருஷமே விஞ்ஞானப் பிரிவு தொடங்க வேண்டும் என்று நின்றார். அதிபர் மிஸ், பிள்ளைகள் இல்லையே என்றதும், அவரே வீடு வீடாகப் போனார். எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

"அண்ணே, ஒங்கட மகளுக்கு கணக்கு நல்லா வருது. ரெண்டு வருஷம் என்ட பொறுப்புல விடுங்க. மத்தத நான் பாத்துக்கொள்றன்."

அப்பா தலையாட்டினார். அம்மா தேத்தண்ணீர் கொடுத்தார். சேர் படியிறங்கிப் போனதும் அப்பா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

"இந்த மனுசனுக்கு இதில என்ன லாபம்?"

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து புறக்கோட்டையில் ஓர் இரும்புக்கடையில் வேலை செய்பவர். யுத்த காலத்தில் பொலிஸ் கொட்டாஞ்சேனை லொட்ஜ்களைச் சுற்றி வளைத்து வடக்கு ஆட்களைப் பிடித்தபோது ஒருமுறை பிடிபட்டு, சில நாட்கள் உள்ளே இருந்துவிட்டு வந்தவர். யாராவது நல்லது செய்தால் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டார். ஆனாலும் என்னை விட்டார். ஆறு பெண்பிள்ளைகளோடு விஞ்ஞானப் பிரிவு தொடங்கியது.

என் பக்கத்தில் இருந்தவள் தெமட்டகொடையிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளை. கையெழுத்து முத்து மாதிரி இருக்கும். செய்முறைக் கொப்பியில் அவள் வரைகிற அளவியும் குடுவையும் அச்சடித்தது போல இருக்கும். நான் கலக்குவேன், அவள் எழுதுவாள். சேர் மேசை மேசையாக நடந்துகொண்டே, "நிறத்த என்ட முகத்துல தேட வாணா, குழாய்ல பாருங்க" என்பார். வீழ்படிவு சரியாக விழுந்தால் எங்களைவிட அவருக்குத்தான் சந்தோஷம். கூழ் முட்டை நாற்றம் மாடி முழுக்கப் பரவும். கீழே ஏழாம் வகுப்புப் பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சத்தம் போடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை மேலதிக வகுப்புக்கு நான் நேரத்தோடே போய்விட்டேன். சேர் பக்கத்துச் சின்ன கேற்றால் ஒரு பிஸ்கட் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார். ஓடிப்போய் ஆய்வுகூடக் கதவைப் பிடித்தேன். உள்ளே கண்ணாடி உரசுகிற சத்தம்.

"கவனம், ஒடையும்" என்றார். பெட்டியை வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி சொன்னார்: "இத யாருட்டயும் செல்லத் தேவல்ல, மகள்."

நான் சரி என்றேன். அவர் முன்பு படிப்பித்த பெரிய பள்ளிக்கூடத்து நண்பர் ஒருவர் மிஞ்சிய மருந்துகளைக் கொடுக்கிறார் என்பது எங்களுக்கு அரைகுறையாகத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டது எதுவும் வந்ததில்லை. அன்று அந்த வார்த்தையில் எனக்கு ஒன்றும் படவில்லை.

அந்த உயிர்த்த ஞாயிறு வந்தது. கொச்சிக்கடைக் கோயில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். பூசை நேரத்தில் அங்கே குண்டு வெடித்த சத்தத்தில் ஜன்னல் ஆடியது. அப்பா வெளியே போகவில்லை. எங்களையும் போக விடவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றபடி, "இனித் தொடங்கும்" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் ஒழுங்கையில் சட்டை தைக்கிற அன்டி ஒருவர் இருந்தார். முதலாம் வகுப்பிலிருந்து என் வெள்ளைச் சீருடையெல்லாம் அவர் தைத்ததுதான். என் உயரத்தை நாடா வைக்காமலே சொல்வார். அவருடைய தங்கச்சி அன்று கோயிலுக்குப் போயிருந்தாள். அன்டி ஒரு சட்டையின் ஓரத்தை மடித்து முடித்துவிட்டு அடுத்த பூசைக்குப் போகலாம் என்று வீட்டில் நின்றுவிட்டார். தங்கச்சி திரும்பி வரவில்லை. அடக்கத்துக்கு நாங்கள் போனபோது அன்டி அழவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவரையும் மேலிருந்து கீழ் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடங்கள் திரும்பத் திறந்தபோது வாசலில் மேசை போட்டிருந்தார்கள். பெற்றோர் முறை வைத்துப் பிள்ளைகளின் பைகளைச் சோதிக்க வேண்டும். அன்டியின் மகன் ஏழாம் வகுப்பில் படித்தான். அன்டி முறை பார்க்கவில்லை, தினமும் வந்து நின்றார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பார், தண்ணீர்ப் போத்தலை மணப்பார், கொப்பிகளை உதறுவார். என் பையையும் அப்படித்தான் பார்த்தார். குண்டு வைத்தவர்கள் முஸ்லிம்கள் என்று செய்தி வந்திருந்தது. தெமட்டகொடைப் பிள்ளையின் பையைப் பார்க்கையில் அவருடைய கை மெதுவாகும். பின்னால் வரிசை நீளும். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

வகுப்பில் ஆறு பேரில் மூன்று பேர்தான் வந்தோம். ஒருநாள் இடைவேளையில் அவள் கேட்டாள்.

"நீயும் அப்பிடித்தான் நெனக்கிறியா?"

"எப்பிடி?"

"நீ என்ட பேக்குக்குப் பக்கத்துல ஒண்ட பேக்க வைக்கிறல்ல இப்ப."

நான் பார்த்தேன். என் பை மேசையின் மறு பக்கத்தில் இருந்தது. எப்போது அங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. "அப்பிடி ஒண்டுமில்லை" என்று எடுத்து அவள் பைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் பையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கிழமைதான் அன்டி என்னை வாசலில் நிறுத்தினார்.

"என்னம்மா, ஒங்க சேர் அந்த லேபுல என்னதான் வச்சிருக்காரு?"

"கெமிஸ்ட்ரிச் சாமான்தான் அன்டி."

"ஸ்கூல் தொறக்கமுந்தி ஆமி வந்து எல்லா ரூமும் செக் பண்ணினாங்க. லேப் மட்டும் பாக்கல்ல. தெரியுமா ஒனக்கு? சாவி அவருகிட்டயாம். அவரு அண்டைக்கு வரல்லயாம்."

"ஊரடங்கு அன்டி. எப்பிடி வாறது?"

"சரி. அப்ப லேபுக்கு ஏன் ரெண்டு பூட்டு? ஒரு சாவி அதிபர்கிட்ட. மத்தது அவருகிட்ட மட்டும். ஏன்?"

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். மேலே பழைய பித்தளைப் பூட்டு, கீழே புதுப் பூட்டு. அன்று சேர் வந்து கதவைத் திறந்தபோது அவருடைய கையையே பார்த்தேன். கீழ்ப் பூட்டின் சாவி அவருடைய வீட்டுச் சாவிகளோடு ஒரே வளையத்தில் இருந்தது. மேல் பூட்டின் சாவியை அவர் கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. அப்படியென்றால் மேல் பூட்டை அவர் எப்படித் திறக்கிறார்? அவருடைய முதுகு மறைத்தது. யாருட்டயும் செல்லத் தேவல்ல, மகள். அந்த வார்த்தை காதுக்குள் வேறு குரலில் கேட்கத் தொடங்கியது. ஏன் சனிக்கிழமை? ஏன் பக்கத்துக் கேற்? நல்லது செய்பவர் எதற்கு ஒளித்துச் செய்ய வேண்டும்? இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டே அவர் கரும்பலகையில் எழுதியதைக் கொப்பியில் எழுதினேன்.

வீட்டில் அம்மாவிடம் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். அப்பாவின் காதில் விழுந்துவிட்டது. அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

"நீ ஒண்டும் பாக்கேல்லை. விளங்குதா? யார் கேட்டாலும் ஒண்டும் பாக்கேல்லை."

"அவர் மருந்துதானே அப்பா கொண்டு வந்தவர்?"

"அது எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. என்னைப் பிடிச்ச நேரம், நான் என்ன கொண்டு போனனான் எண்டு சொன்னதும் என்னோட ஒரு அறையில படுத்த ஆள்தான். பாத்ததைத்தான் சொன்னவன். பொய் சொல்லேல்லை."

அப்பா சாப்பிட்ட கோப்பையைக் கழுவாமலே போய்ப் படுத்துவிட்டார்.

சில நாட்களில் பெற்றோர் திரண்டு அதிபரிடம் போனார்கள். ஆய்வுகூடத்தைத் திறந்து காட்டாவிட்டால் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்றார்கள். அதிபர் மிஸ் பொலிஸுக்கு அறிவித்தார். ஒரு சார்ஜன்ட்டும் இரண்டு பேரும் வந்தார்கள். நாங்கள் மாடிப்படியில் நின்றோம். சேர் முன்னால் போனார். சார்ஜன்ட் மேல் பூட்டுக்குச் சாவி கேட்டார். அதிபர் தோள்பையில் துழாவினார். சேர் கையை நீட்டி அந்தப் பூட்டை ஒரு இழுப்பு இழுத்தார். அது சாவியில்லாமலே திறந்துகொண்டது.

"இது பூட்டுறல்ல, மிஸ். சும்மா தொங்குது. புதுசு கேட்டு எழுதின. வரல்ல. அதான் நான் ஒண்டு வாங்கிப் போட்ட" என்றார்.

யாரோ சிரித்தார்கள். அன்டி சிரிக்கவில்லை.

உள்ளே அலமாரியைத் திறந்ததும் போத்தல்கள். சேரின் கையெழுத்தில் தமிழில் ஒட்டிய பெயர்கள். பின்னால் நின்ற ஒரு தகப்பன் தலையை நீட்டி ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தவர், ஓரிடத்தில் நின்றார்.

"அமோனியம் நைத்திரேற்று. இதுதான்! குண்டு செய்றதெண்டு நியூஸ்ல சொன்ன பேர் இதுதான்!"

சார்ஜன்ட்டுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பெயர் காதில் விழுந்ததும் அவர் முகம் மாறியது. சேரை வெளியே விறாந்தையில் நிற்கச் சொன்னார். ஒரு பொலிஸ்காரர் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். இது பள்ளிக்கூடத்துக்கு எப்படி வந்தது என்று அதிபரைக் கேட்டார்கள். அதிபர் மிஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரியாது, பள்ளிக்கூடத்துக்கு இப்படி ஒன்றும் வரவில்லை என்றார். பிறகு எங்களைப் பார்த்தார். "சயன்ஸ் பிள்ளைகளுக்குத் தெரியுமா?"

தெமட்டகொடைப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வாய் திறக்கக் கூடாதென்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது. ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லும்படி அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. விறாந்தையில் சேர் என்னைப் பார்த்தார். சொல் என்றோ சொல்லாதே என்றோ அந்தப் பார்வையில் ஒன்றும் இல்லை. செய்முறையின்போது குழாயில் என்ன நிறம் வருகிறதென்று பார்த்துக்கொண்டிருப்பாரே, அப்படிப் பார்த்தார்.

"சேர்தான் கொண்டு வந்தவர்" என்றேன். "நான் கதவைப் பிடிச்சனான்."

பின்னால் ஒரு பெருமூச்சு அலை மாதிரி எழுந்தது. "பாத்தீங்களா" என்று யாரோ சொன்னார்கள். சார்ஜன்ட் போத்தலைச் சுட்டிக்காட்டி, "மேக்க மொக்கட்டத, நங்கி?" என்றார். இது எதற்கு, தங்கச்சி என்று கேட்டார்.

எனக்குக் கடைச் சிங்களம்தான் தெரியும். "மேக்க வத்துர சீத்தல கரன எக்கக், சேர்." தண்ணீரைக் குளிராக்குவது என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் அதற்கு மேல் சிங்களம் வரவில்லை. முகவையை எடுத்துக் குழாயில் தண்ணீர் பிடித்தேன். ஒருவரும் தடுக்கவில்லை. போத்தலைத் திறந்து கரண்டியால் போட்டேன். முன் வரிசையில் நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். ஓர் அம்மா மகனின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். கண்ணாடிக் கோலால் கலக்கினேன். அந்த அறையில் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. முகவையின் வெளிப்பக்கத்தில் வியர்வை படரத் தொடங்கியது. நான் அதைச் சார்ஜன்ட்டிடம் நீட்டினேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரு விரலால் தொட்டார். பிறகு உள்ளங்கையில் வாங்கினார்.

"சீத்தலய் தமய்" என்றார். குளிராகத்தான் இருக்கிறது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மற்றப் பொலிஸ்காரரிடம் கொடுத்தார். அவர் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். நாங்களும் முதல் தடவை அப்படித்தான் செய்தோம். அவர் அதைப் பக்கத்தில் நின்ற அன்டியிடம் நீட்டினார். அன்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஆனாலும் போத்தலையும் சேரையும் வாக்குமூலத்துக்கென்று கொண்டுபோனார்கள். மறுநாள் காலை சேர் வந்துவிட்டார். முதல் நாள் போட்ட அதே சட்டை. போத்தல் வரவில்லை.

எல்லாம் முடிந்ததென்று நான் நினைத்தேன். அடுத்த நாள் வாசலில் ஆசிரியர்கள் வழக்கம்போல மேசையைக் கடந்து உள்ளே போனார்கள். சேர் வந்ததும் அன்டி, "பேக்க வைங்க சேர்" என்றார். சேர் வைத்தார். குடை, சாப்பாடு, கடந்தகால வினாத்தாள்கள், ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு. கூட்டையும் திறந்து காட்டினார். அன்று தொடங்கி ஒவ்வொரு நாளும் இது நடந்தது. அதிபர் மிஸ் அலுவலக ஜன்னலால் பார்ப்பார், பார்த்துவிட்டு உள்ளே திரும்புவார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு பின்னேரம் அன்டியின் வீட்டுக்கே போனேன். மெசினில் யாருடையதோ வெள்ளைச் சட்டை.

"பொலிசே பாத்திட்டுப் போயிட்டுதே அன்டி. இன்னும் ஏன் சேரை நிப்பாட்டிறீங்கள்?"

அன்டி மெசினை நிறுத்தினார்.

"பொலிஸ் பாத்தா சரியா? பொலிசுக்கு முந்தியே அறிவிச்சவங்களாம், எங்க வெடிக்கும், எப்படின்னு. பேப்பர்ல வந்திச்சு, நீயும் படிச்சிருப்ப. தெரிஞ்சும் சும்மா இருந்தவங்க. அவங்க பாத்திட்டாங்கன்னு நான் வீட்டுல இருக்கணுமா? என் தங்கச்சிக்கும் எல்லாரையும் நம்பிக்கைதான்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அந்தச் சேர் நல்லவரா இருக்கலாம். நான் இல்லன்னு சொல்லல்ல. நல்லவரா இருந்தா பேக்கத் தொறக்க என்ன கஷ்டம்?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த வீட்டில், தங்கச்சியின் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு என்ன சொல்வது? படியிறங்கி வந்துவிட்டேன்.

அதன் பிறகு சேர் செய்முறை வகுப்பு வைக்கவில்லை. "கொப்பிலயே பாப்பம்" என்று கரும்பலகையில் குழாயும் முகவையும் வரைந்து, இதில் இது விழும், இந்த நிறம் வரும் என்று சொல்லிக்கொண்டு போனார். முதலில் தெமட்டகொடைப் பிள்ளை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறினாள். சொல்லிக்கொண்டு போகவில்லை. நான் தேடிப்போய்க் கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பாள்? தவணை முடிவில் சேருக்கு இடமாற்றம் வந்தது. அவரே கேட்டு எடுத்துக்கொண்டார் என்று காலைக் கூட்டத்தில் அதிபர் மிஸ் சொன்னார். பதிலுக்கு யாரும் வரவில்லை. ஆய்வுகூடத்துக்குள் மறுபடியும் உடைந்த கதிரைகள் ஏறின.

நான் வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறி, கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் பிரத்தியேக வகுப்புக்குப் போனேன். ஒலிவாங்கியில் படிப்பிக்கிற வகுப்பு. முன்னாலிருக்கிற ஆசிரியருக்கு என் முகம் தெரியாது. தொற்றுநோய்க் காலத்தில் அதுவும் போனுக்குள் போய்விட்டது. உயர்தரச் சோதனை தள்ளித் தள்ளி வந்தது. இரசாயனவியலில் சாதாரண சித்திதான் கிடைத்தது. இப்போது களுபோவிலப் பக்கம் இரத்தம் சோதிக்கிற ஒரு தனியார் இடத்தில் வேலை.

போன வருஷம் வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் சேரைக் கண்டேன். தாடி நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். என்ன செய்கிறேன் என்று கேட்டார். சொன்னதும், "அப்ப குழாய் கையில ஈக்கிது" என்று சந்தோஷப்பட்டார். நெடுநாள் மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"சேர், நீங்களே கேட்டுத்தான் போனீங்களா?"

"ஓம். நான்தான் கேட்ட." பஸ் வருகிற பக்கம் பார்த்தபடி, "அதிபர் மிஸ் கேட்டாங்க, நான் கேக்கணுமெண்டு" என்றார்.

அன்று அவர்தான் கொண்டு வந்தவர் என்று பொலிஸுக்கு நான் சொன்னதைப் பற்றிப் பேச்செடுக்க நினைத்தேன். அவர் முந்திக்கொண்டு, "நீங்க அந்தக் கரண்டிய நெறயப் போட்டீங்க மகள். அவ்வளவு தேவல்ல" என்றார். அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது.

வீட்டில் சொன்னபோது அப்பா, "ரோட்டில நிண்டு கனநேரம் கதைச்சனீயோ?" என்று மட்டும் கேட்டார்.

சில நாட்களுக்கு முன், வேலைக்குப் போடும் வெள்ளைக் கோட்டின் கையைச் சின்னதாக்க அன்டியிடம் போனேன். அவர் இன்னும் தைக்கிறார், கண்ணாடி போட்டிருக்கிறார். என் கையை நீட்டச் சொல்லி, ஊசி குத்திக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"ஒங்க கெமிஸ்ட்ரிச் சேர் இப்ப எங்க?"

மன்னிப்புக் கேட்கவா, சுகம் விசாரிக்கவா, அல்லது அந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளவா? குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. ஊசி என் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"தெரியாது அன்டி" என்றேன்.

அன்டி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை.